வளைவின் மேல் ஒரு துணி

இங்கிலாந்தில் பழைய எம்ஜிபி கார் வைத்திருக்கும் ஒருவர், இருக்கைப் பகுதியை மூடும் உறையைப் புதிதாக வாங்கினால், பெட்டியைப் பிரித்த கையோடு அதைக் காரில் மாட்ட மாட்டார். முதலில் வெயிலில் விரித்துப் போடுவார். வடகம் காய்வதைப் போல ஒரு மணி நேரமாவது அது புல்தரையில் கிடக்கும். வெயில் இல்லாத நாளென்றால் வீட்டுக்குள் ஹீட்டருக்குப் பக்கத்தில். தொட்டுப் பார்த்து, துவண்டு விழுகிறதா என்று தூக்கிப் பார்த்து, அதன் பிறகுதான் வேலையைத் தொடங்குவார். இந்தக் காத்திருப்பில் தொடங்கி, கடைசிப் பொத்தானுக்குத் துளை போடும்வரை அவர் செய்யும் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இயற்பியலும் வேதியியலும் வடிவக் கணிதமும் இருக்கின்றன.

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை, ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகில் உள்ள அபிங்டன் என்ற ஊரில் செய்யப்பட்டது. நிலையான கூரை வைத்த வகையையும் சேர்த்தால் ஐந்து லட்சம் கார்களுக்கு மேல். பெரும்பாலானவை திறந்த கார்கள்: முன்னால் ஒரு கண்ணாடி, இரண்டு இருக்கை, மேலே வானம். மழைக்கு மடக்குக் கூரை ஒன்று உண்டு. ஆனால் அரை மணி நேரக் கடை வேலைக்காக அதை எழுப்பி, கொக்கிகளைப் பூட்டி, திரும்பி வந்து மறுபடி அவிழ்த்து மடிப்பது பெரும்பாடு. இருக்கை, ஸ்டியரிங், டேஷ்போர்டு எல்லாவற்றையும் ஒரே விரிப்பில் மூடிவிட்டுப் போகலாம் என்பதற்காக வந்ததுதான் இந்த உறை. டோனோ கவர் என்பார்கள். டோனோ என்றால் பிரெஞ்சு மொழியில் பீப்பாய். 1900களின் தொடக்கத்தில் கார்களின் பின்னிருக்கைப் பகுதி பாதியாக அறுத்த பீப்பாய் மாதிரி உருண்டிருந்தது. பீப்பாய் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. உறை மூடுகிற இடத்துக்குக் காக்பிட் என்று பெயர். அது சேவல் சண்டை நடக்கும் குழியைக் குறித்த சொல். கப்பலுக்குப் போய், விமானத்துக்குப் போய், காருக்கு வந்து சேர்ந்தது.

உறை பெரும்பாலும் நாம் ரெக்ஸின் என்று சொல்லும் பொருளில் தைக்கப்படுகிறது. ரெக்ஸின் முதலில் ஒரு வணிகப் பெயர்; மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில், துணியின் மேல் நைட்ரோசெல்லுலோஸ் பூசிச் செய்த செயற்கைத் தோல் அது. நம் ஊர் பஸ் இருக்கைக்கும் ஸ்கூட்டர் சீட்டுக்கும் அந்தப் பெயரை நாம் இன்னும் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம். பொருள்தான் மாறிவிட்டது. இன்றைய ரெக்ஸின், துணியின் மேல் பூசிய பிவிசி.

பிவிசி இயல்பாகவே விறைப்பானது. வீட்டுச் சுவரில் தண்ணீர் ஏறும் குழாய் அதுதான். அதை வளைய வைத்தவர் வால்டோ செமன். 1926-இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்க ஒரு பசையைத் தேடிக்கொண்டிருந்தார். எளிதில் ஆவியாகாத ஒரு திரவத்தில் பிவிசியைச் சூடாக்கிக் கரைத்து ஆறவிட்டார். பசை கிடைக்கவில்லை, விரலால் அழுத்தினால் குழிந்து மீள்கிற ஒரு பொருள் கிடைத்தது. பிவிசியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தச் சங்கிலிகளுக்கு நடுவே திரவத்தின் சிறு மூலக்கூறுகள் புகுந்து இடைவெளி உண்டாக்குகின்றன. எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவு இழுத்த பக்கம் வருவது போல, சங்கிலிகள் ஒன்றின் மேல் ஒன்று நழுவத் தொடங்குகின்றன.

அந்த நழுவல் வெப்பத்தைப் பொறுத்தது. குளிரில் சங்கிலிகளின் அசைவு குறைந்து ரெக்ஸின் அட்டை போல விறைக்கும், வெயிலில் இளகும். விறைத்த உறையை இழுத்து மாட்டினால், பிடிக்கும் இடங்களில் மட்டும் இழுவை குவியும், துளை கிழியும். அதனால்தான் முதலில் வெயில். நன்றாகக் கொதிக்கவிட்டு மாட்டுவதும் கூடாது. இளகியிருக்கும்போது கைக்கு வந்த வரை இழுத்துப் பொத்தானைப் பதித்துவிட்டால், குளிர்காலத்துக் காலையில் அது சுருங்கி விறைத்து நிற்கும். கடைசிப் பொத்தான் அரை அங்குலம் எட்டாமல் போகும். இளஞ்சூடு, இளஇறுக்கம். இந்த நிதானம் இந்த வேலை முழுவதிலும் வேண்டியிருக்கிறது.

இனி வடிவம். உறை தட்டையான பொருள். கார் தட்டையானது அல்ல. டேஷ்போர்டின் மேல்விளிம்பு ஒரு பக்கம் வளைகிறது, பின்னாலுள்ள தகடு இன்னொரு பக்கம் வளைகிறது, நடுவில் ஸ்டியரிங் புடைத்து நிற்கிறது. ஒரு காகிதத்தைக் குழாயின் மேல் சுற்றிப் பாருங்கள், அழகாக உட்காரும். அதே காகிதத்தைப் பந்தின் மேல் சுற்றுங்கள், சுருக்கம் விழுந்தே தீரும். குழாய் ஒரு திசையில் மட்டும் வளைகிறது, பந்து எல்லாத் திசையிலும் வளைகிறது. நீட்டாமல், சுருக்காமல், கிழிக்காமல் ஒரு தட்டையான தாளைப் பந்தின் மேல் பொருத்தவே முடியாது என்று 1827-இல் ஜெர்மானியக் கணிதர் கார்ல் ஃபிரெட்ரிக் காஸ் நிறுவினார். உலகப் படத்தில் கிரீன்லாந்து தன் அளவுக்கு மீறிப் பெருத்துத் தெரிவதும், ஜாக்கெட் தைப்பவர் மார்புப் பகுதியில் டக் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆனால் நெய்த துணிக்குக் காகிதத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. ஒரு கைக்குட்டையை நூல் போகும் வாக்கில் இழுத்தால் அது நீளாது. மூலைக்கு மூலை இழுத்தால் நீளும். நூல்கள் நீளவில்லை, பாவுக்கும் ஊடைக்கும் இடையில் இருந்த நேர்கோணம் சாய்ந்து, சதுரக் கட்டங்கள் சாய்சதுரங்களாகின்றன. ரஷ்யக் கணிதர் பாஃப்நூதி செபிஷேவ் 1878-இல் பாரிஸில் கூடிய அறிஞர்கள் முன்னால் இதைப் பற்றித்தான் பேசினார். உரையின் பொருள்: உடைகளை வெட்டுவது எப்படி. துணியை நீளாத நூல்களால் ஆன வலையாக எடுத்துக்கொண்டு, கோணங்கள் மட்டும் மாறினால் அந்த வலை வளைந்த பரப்பின் மேல் எப்படிப் படியும் என்று கணக்கிட்டு, ஒரு பந்துக்கு உறை வெட்டும் வழியைச் சொன்னார். இன்றும் கணிதர்கள் அதைச் செபிஷேவ் வலை என்று அழைக்கிறார்கள். துணியைக் குறுக்கு வாக்கில் வெட்டினால் உடம்போடு படியும் என்பதைத் தையற்கலைஞர்கள் அதற்கு முன்பே அறிந்திருந்தார்கள். அவர்களுடைய அறிவு தனக்குரிய சமன்பாட்டைப் பெற்ற நாள் என்று அந்த நாளை நான் நினைத்துக்கொள்வேன்.

ரெக்ஸின் இந்த வசதியில் பாதியை இழந்துவிடுகிறது. மேலே பூசிய பிவிசி, நூல்களின் கோணம் மாறவிடாமல் பிடித்துக்கொள்ளும். இன்னும் விலை கூடிய உறைகளில் வரும் துணி மூன்று அடுக்கு: வெளியே ஒரு துணி, உள்ளே ஒரு துணி, நடுவில் ரப்பர். ஸ்காட்லாந்துக்காரரான சார்ல்ஸ் மெக்கிண்டாஷ் 1823-இல் மழைக்கோட்டுக்காகக் காப்புரிமை பெற்ற அதே அமைப்பு, இரு நூற்றாண்டுகள் கழித்தும் கார்க் கூரைகளில் இருக்கிறது. அதுவும் எளிதில் சாய்ந்து கொடுக்காது. எனவே உறை தைப்பவர் அதைத் துண்டுகளாக வெட்டி, வளைவு கூடும் இடத்தில் தையலை வைக்கிறார்; ஸ்டியரிங்குக்குத் தனியாக ஒரு பை. நல்ல உறையை வெயிலில் விரித்துப் பார்த்தாலே, எங்கே தையல் ஓடுகிறதோ அங்கே காரின் உடம்பு இரு திசையில் வளைகிறது என்று சொல்லிவிடலாம்.

இப்போது மாட்டுவோம். கதவுகள் இரண்டும் மூடியிருக்க வேண்டும், முன்சக்கரங்கள் நேராக நிற்க வேண்டும். உறையின் நடுவே முன்னிருந்து பின்னாக ஓடும் ஜிப் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும். ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு இரு பாதிகளையும் தனித்தனியாக இழுத்துப் பொருத்திவிட்டால், பிறகு அதன் இரு வரிசைப் பற்களும் சந்திக்கவே சந்திக்காது.

முதல் பொத்தான் பின்புறத்தின் நடுவில். அடுத்தது முன்புறத்தின் நடுவில். அங்கிருந்து இடதும் வலதுமாக, ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று என்று மூலைகளை நோக்கிப் போக வேண்டும். பக்கவாட்டு விளிம்புகள் கடைசி. அவசரக்காரர் நான்கு மூலைகளையும் முதலில் பிடிப்பார். பார்க்க அதுதான் இயல்பாகத் தோன்றும். சுருக்கம் என்பது அந்த இடத்தில் மிஞ்சி நிற்கும் துணி. மிஞ்சியது வெளியேற ஒரு திறந்த விளிம்பு வேண்டும். மூலைகளைப் பூட்டிவிட்டால் அதற்கு வழி அடைபட்டுப்போகிறது, நடுவிலேயே மடிப்பாகக் கிடக்கும். நடுவில் தொடங்கினால் அதை உள்ளங்கையால் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே போகலாம். நோட்டுக்கு அட்டை போடும் பிள்ளைக்கும், செல்போன் திரையில் கண்ணாடி ஒட்டுபவருக்கும் இது தெரிந்த விஷயம்.

தனியாக வாங்கும் உறைகள் பலவற்றில் ஓரங்களில் பொத்தான் பதித்திருக்காது. காரில் உள்ள குமிழுக்கு நேராக உறையை இழுத்துப் பிடித்து, விரலால் அழுத்தி, பதிந்த தடத்தைச் சாக்குக்கட்டியால் குறித்து, அங்கே துளை போட வேண்டும். ஒரே அச்சில் பிறந்த கார்களிலும் குமிழ்கள் சில மில்லிமீட்டர் முன்பின்னாக இருக்கும். அறுபதாண்டு ஓட்டமும் இடிபாடும் பழுதுபார்ப்பும் அந்த வித்தியாசத்தைக் கூட்டியிருக்கும். எனவே கடைசி அளவைக் காரே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு துளைக்கும் முன்னால் இரண்டு முறை பார்ப்பது நல்லது. துணியில் போட்ட துளையை மூட முடியாது.

அந்தப் பொத்தான்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குமிழும் குழியுமாக அமுக்கிப் பூட்டும் பிரஸ் பட்டனுக்கு 1885-இல் ஜெர்மனியில் ஹெரிபர்ட் பாவர் காப்புரிமை பெற்றார். அது எந்தப் பக்கம் இழுத்தாலும் திறக்கும். திறந்த கார்களில் பலவற்றில் இருப்பது வேறொரு வகை, லிஃப்ட் த டாட் என்று பெயர். அதன் மூடியில் ஒரு ஓரத்தில் சிறு புள்ளி புடைத்திருக்கும். புள்ளி உள்ள பக்கத்திலிருந்து தூக்கினால் மட்டுமே திறக்கும். மற்ற மூன்று பக்கமும் எவ்வளவு இழுத்தாலும் குமிழின் கழுத்தைக் கவ்விக்கொள்ளும். புள்ளியை வெளிவிளிம்பு நோக்கி வைத்துப் பதித்துவிட்டால், உறை உள்ளிருந்து இழுக்கும் இழுப்பெல்லாம் பூட்டிய பக்கத்தில் விழுகிறது. ஒரு விரல் வெளியிலிருந்து மெல்லத் தூக்கினாலோ உடனே விட்டுவிடுகிறது. பெரிய விசைக்கு அசையாமல், தெரிந்த கைக்கு மட்டும் இளகும் இந்தச் சின்னஞ்சிறு பொறி இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

அந்தப் பிடிப்பு தேவைப்படுகிறது, ஏனென்றால் இந்த உறையோடு காரை ஓட்டவும் செய்கிறார்கள். ஜிப்பைத் திறந்து, ஓட்டுநர் பாதியை மடித்து இருக்கைக்குப் பின்னால் செருகிக்கொண்டு, பக்கத்து இருக்கையை மூடியபடியே விட்டுவிடுவார்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 47 கிலோ எடைக்குச் சமம். அதில் ஒரு பங்கு உறிஞ்சலாக மாறி உறையை மேலே தூக்கப் பார்த்தாலும் பூட்டு பலமாக இருந்தாக வேண்டும். திறந்த காரில் போகிறவர்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு: கார் முன்னே போகிறது, தலைமுடியோ முன்பக்கமாகப் பறக்கிறது. முன்கண்ணாடியின் உச்சியைத் தாண்டும் காற்று பரப்பை விட்டு விலகிப் போவதால், அதன் பின்னால் அழுத்தம் குறைந்த ஒரு பள்ளம் உண்டாகிறது. அதை நிரப்பப் பின்னாலிருந்து காற்று சுழன்று வருகிறது. பக்கத்து இருக்கையை மூடினால் அந்தச் சுழலுக்குப் பாதி இடம் அடைபடுகிறது. ஹீட்டரின் வெப்பமும் காலடியிலேயே தங்குகிறது. 1955, 1956, 1957 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து லெமான் பந்தயத்தை வென்ற ஜாகுவார் டி-டைப் காரிலும் ஓட்டுநருக்குப் பக்கத்து இடத்தை உலோகத் தகட்டால் மூடியிருக்கிறார்கள். அங்கே நோக்கம் கதகதப்பு அல்ல, வேகம்.

நிறுத்திவைத்த காரில் எதிரி மழை. எவ்வளவு இழுத்துக் கட்டினாலும் உறை முழுத் தட்டையாக நிற்காது. தன் எடையைத் தாங்கும் எந்தத் துணியும் கொஞ்சமாவது தொய்ய வேண்டும். தொய்வைப் பாதியாக்க இழுப்பை இரண்டு மடங்காக்க வேண்டும், கால்வாசியாக்க நான்கு மடங்கு. தொய்வே இல்லாமல் செய்ய முடிவில்லாத இழுப்பு வேண்டும், அதற்குள் துளைகள் கிழிந்துவிடும். அந்தத் தொய்வில் முதல் நீர் தேங்குகிறது. தேங்கிய நீரின் எடையால் தொய்வு கூடுகிறது. கூடிய தொய்வில் இன்னும் நீர் சேர்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் தேங்கினால் ஐம்பது கிலோ. எம்ஜிபியில் இருக்கைகளின் தலையும் ஸ்டியரிங்கும் கூடாரக் கம்புகள் போல நின்று இதைத் தடுக்கின்றன.

பழைய டிரையம்ப் டிஆர்3 காரில் வழியே வேறு. அதன் கதவுகள் முழங்கை வைக்கத் தோதாக நடுவில் தாழ வெட்டப்பட்டவை. முன்விளிம்பும் பின்விளிம்பும் உயரம், இரு பக்கமும் தாழ்வு. அந்த நான்கு விளிம்புகளில் இழுத்துக் கட்டிய உறை குதிரைச் சேணத்தின் வடிவத்துக்கு நெருங்கி வருகிறது: நெடுக்கில் தொய்வு, குறுக்கில் மேடு. காற்று கீழிருந்து தூக்கினால் குறுக்கு நூல்கள் இறுகுகின்றன. மழை மேலிருந்து அமுக்கினால் நெடுக்கு நூல்கள் இறுகுகின்றன. எந்தப் பக்கம் தள்ளினாலும் எதிர்த்து நிற்க ஒரு கூட்டம் தயார். நீரும் தாழ்ந்த பக்கங்களில் வழிந்துவிடும். 1972 ஒலிம்பிக்குக்காக மியூனிக்கில் எழுந்த கூரைகளில் கட்டடக் கலைஞர் ஃபிரை ஓட்டோ பயன்படுத்தியதும் இந்தச் சேண வடிவத்தைத்தான்.

ஆனால் காக்பிட்டுக்கு மழையைவிட வெயில்தான் பெரிய பகை என்பது என் எண்ணம். மழை நனைக்கும், உலர்ந்துவிடும். வெளிச்சம் செய்வதைத் திருப்ப முடியாது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. திறந்த இருக்கைப் பகுதி ஒன்றரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாட்டர் ஹீட்டரைப் போட்டுவிட்டு மறந்ததற்குச் சமம். அதைவிடக் கொடியது அதிலுள்ள புற ஊதாக் கதிர். கார்பன் அணுக்களை இணைக்கும் பிணைப்பை அறுக்கச் சுமார் 3.6 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 310 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளித்துகள் ஒன்றிடம் 4 இருக்கிறது. ஒவ்வொரு துகளும் அறுப்பதில்லை, ஆனால் ஆண்டுக்கணக்கில் விழுந்துகொண்டே இருக்கின்றன. செமன் சேர்த்த அந்த இளக்கும் திரவமும் வெப்பத்தில் மெல்லக் கசிந்து ஆவியாகிறது. வெயிலில் நின்ற காரின் கண்ணாடிக்கு உட்புறம் படியும் மெல்லிய பிசுக்கில் அதற்கும் பங்கு உண்டு. திரவம் போகப் போகச் சங்கிலிகள் மறுபடி இறுகி, எம்ஜிபிகளின் டேஷ்போர்டு மேற்பரப்பு பாளம் பாளமாக வெடிக்கிறது.

உறை அந்த அடியைத் தான் வாங்கிக்கொள்கிறது. கறுப்பு உறைகள் சூடானாலும் நெடுநாள் உழைப்பதற்குக் காரணம், நிறம் தரும் கரித்தூள் புற ஊதாக் கதிரை ஆழமாக இறங்கவிடாமல் மேலேயே விழுங்கிவிடுவதுதான். அக்ரிலிக் துணி உறைகளில் நூலாக இழுக்கும் முன்பே சாயத்தைக் கலந்துவிடுகிறார்கள். கத்தரிக்காய்க்குத் தோலில் மட்டும் ஊதா. பீட்ரூட்டை எங்கே வெட்டினாலும் சிவப்பு. பீட்ரூட் மாதிரியான நூல் வெளுக்க நெடுங்காலம் ஆகும்.

இவ்வளவு கவனமாக மாட்டிய உறையே காரைக் கெடுக்கவும் கூடும். மழையில் நனைந்த காரை அப்படியே மூடிவிட்டால் அது நடக்கும். ஒரு கனமீட்டர் காற்று 30 டிகிரி செல்சியஸில் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும், 10 டிகிரியில் 9 கிராம்தான். பகலில் ஈரக் கம்பளத்திலிருந்து எழுந்த ஆவி இரவில் இடமின்றி நீராகிறது. முதலில் குளிர்வது உறைதான். தெளிந்த இரவில் வானத்தைப் பார்த்திருக்கும் பரப்புகள் தம் வெப்பத்தை வெளியே கதிர்வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். வில்லியம் சார்ல்ஸ் வெல்ஸ் என்ற மருத்துவர் லண்டனில் இதை இரவிரவாகச் சோதித்தார். ஒரு பலகையின் மேலும் கீழும் சம எடையுள்ள கம்பளிப் பஞ்சை வைத்து நிறுத்துப் பார்த்தபோது, வானம் பார்த்த பஞ்சில்தான் பனி கூடுதலாக ஏறியிருந்தது. 1814-இல் பனித்துளி பற்றி அவர் எழுதிய நூல் இன்றும் பேசப்படுகிறது. காரின் உறைக்கும் அதே கதி: மேலே வெளிக்காற்றின் பனி, அடியில் உள்ளே சிக்கிய ஈரத்தின் பனி. அடிப்பக்கத் துளிகள் சொட்டி, கம்பளத்தில் இறங்கி, தரைத் தகட்டை அரிக்கின்றன. பூசணம் தோலிருக்கையில் ஏறுகிறது.

அதனால் பழகியவர்கள் முதலில் உள்ளே கையை விட்டுக் கம்பளத்தைத் தடவிப் பார்ப்பார்கள். ஈரம் இருந்தால் ஜிப்பை ஒரு சாண் திறந்தே விடுவார்கள். உறையை எடுக்கும்போதும் ஒரு முறை உண்டு. முதலில் ஒரு துணியால் மேலே நின்ற நீரை வழித்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பொத்தானையும் புள்ளி உள்ள பக்கத்தில் தூக்க வேண்டும். மாட்டிய வரிசைக்கு நேர் எதிராக, பக்கங்கள் முதலில், மூலைகள் அடுத்து, பின்புறத்தின் நடுப்பொத்தான் கடைசியில். மடித்தால் மடிப்பில் பிவிசி வெடிக்கும் என்பதால் பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டி இருக்கைகளுக்குப் பின்னால் வைக்கிறார்கள். இரவெல்லாம் பனி பெய்த காலையில் அதைச் சுருட்டும்போது, மேலே துளிகள் உருண்டோடிக்கொண்டிருக்க, அடியில் இருக்கைத் தோல் முந்தின நாள் மாலையின் சூட்டில் கொஞ்சத்தை இன்னும் வைத்திருக்கும்.